கோடுகள் வந்தன, கைத்தடம் வரவில்லை

அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்னின் ‘ஓஷன் பார்க் 115’ ஓவியத்தின் அச்சுப் பிரதி ஒன்றை இணையக் கடையொன்றில் வாங்கிக் கூடத்துச் சுவரில் மாட்டி மூன்று வாரங்கள் ஆகின்றன. 24 அங்குல உயரமுள்ள பருத்தித் தாள் மடிப்போ கசங்கலோ இல்லாமல் வந்து சேர்ந்தது.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள மூல ஓவியம் 1979இல் வரையப்பட்டது. எட்டடிக்கும் மேல் உயரமானது. கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் 1967இல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் தீட்டிய ‘ஓஷன் பார்க்’ ஓவிய வரிசையைச் சேர்ந்தது. செங்குத்தும் கிடையும் சாய்வுமான கோடுகளால் பரப்பைப் பங்கிடுவது அவ்வரிசையின் இலக்கணம் என்றாலும், முன்கூட்டியே அளந்து வைத்த கட்டங்களை அவர் நிரப்பவில்லை. ஒரு கோட்டை இழுத்து, அது பொருந்தாதபோது மெல்லிய வண்ணத்தால் மூடி, சற்றுத் தள்ளி இன்னொன்றை இழுத்து, மூடிய கோடு மேல்வண்ணத்தின் ஊடே மங்கலாகத் தெரியும்படியே விட்டுவிடுவார். கை தேடித் தேடிக் கண்டடைந்த இடமே அங்கே நேர்கோடாக நிற்கிறது என்பதால்தான் அவரது வடிவியல் எனக்கு உயிருள்ளதாகப் படுகிறது.

பிரதி தவறுவதும் இங்கேதான். பட்டைகளின் விளிம்புகள் துல்லியமாக உள்ளன, நீலமும் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் அடியில் கிடக்கும் பழைய கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் நிறக் கறையாகிவிட்டன. வீட்டுக்கு வந்த அக்கா அதை அழுக்கென்று எண்ணித் துடைக்கத் துணி எடுத்தார். தோளிலிருந்து முழுக் கையையும் வீசி இழுத்த கோடு இந்த அளவில் மணிக்கட்டு அசைவாகச் சுருங்குவதும் இழப்புதான், ஆனால் அதற்குக் கடையைக் குறைசொல்ல முடியாது.

மன்னிக்க முடியாதது வேறு. அருங்காட்சியகத்தின் இணையப் படத்தோடு ஒப்பிட்டபோது, ஒரு பக்கத்தில் விரற்கடை அளவு வெட்டப்பட்டிருப்பது தெரிந்தது. எழுதிக் கேட்டதற்கு, அது சட்டத்துக்குள் மறையும் பகுதிதானே என்று பதில் வந்தது. ஓரத்தை ஒட்டி ஓடும் மெல்லிய கோடுகளே முழுப் பரப்பின் எடையையும் தாங்கும் ஓவியத்தில் அந்த விரற்கடை சிறிய விஷயமல்ல.

வாங்க விரும்புவோர் ஓரம் வெட்டாத பிரதியை, பளபளப்பில்லாத தாளில், இயன்றவரை பெரிய அளவில் கேட்டு வாங்குங்கள். நான் ஐந்துக்கு மூன்று தருகிறேன். அந்த மூன்றும் நீலத்திற்காக.