இலக்கு யார் கையில்? செயலிப் பயிற்றுநரும் கிளினிக்கும்

கடந்த ஆண்டு இரத்தச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் எனக்கு 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை; 6.5ஐத் தொட்டால் நோயேதான். அந்த வாரமே கைபேசியில் ஓர் உடல்நலச் செயலியை இறக்கினேன். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கிலும் பதிந்தேன்.

செயலியின் பலம், நேற்றைய நாளைப் பார்த்து இன்றைய நாளை அமைப்பது. ஐந்து மணி நேரமே தூங்கினேன் என்றால் காலையில் மெதுவான நடை போதும் என்னும். கிளினிக் தாதி என்னைப் பார்ப்பதோ சில மாதங்களுக்கு ஒரு முறை. வரிசையில் காத்திருந்து, வெறும்வயிற்றுச் சீனி, இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு பார்த்து, "சோற்றைக் குறையுங்கள்" என்ற அதே அறிவுரையுடன் திரும்ப வேண்டும். இலவசம்தான்; எச்பிஏ1சிக்கு மட்டும் தனியார் ஆய்வுகூடத்துக்குப் போனேன்.

ஆனால் செயலிக்குத் தெரிவது கைக்கடிகாரம் அளப்பதும் நான் எழுதுவதும்தான். புட்டு எத்தனை கிராம் என்று கேட்கும். நீத்துப்பெட்டியிலிருந்து தட்டில் கொட்டிய புட்டை எவர் நிறுத்துப் பார்க்கிறார்? பனங்கிழங்கு மாவில் செய்யும் ஒடியல் கூழைத் தேடினால் கேழ்வரகுக் கூழை நீட்டியது. (கேழ்வரகை இங்கே யாழ்ப்பாணத்தில் குரக்கன் என்போம் என்பதும் அதற்குத் தெரியாது.) நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கைபேசி, கைக்கடிகாரம் இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டு வேட்டியோடு வீதி சுற்றினேன். செயலி என்னைச் சோம்பேறி என்று முடிவுகட்டி இலக்கைக் குறைத்தது.

அங்கேதான் எனக்கு உறுத்தியது. மாரி மழையில் நடை குறையக் குறைய, நாளுக்கு 8,000 காலடி என்ற இலக்கு 6,000 ஆகி, 4,500இல் வந்து நின்றது. நாள்தோறும் பாராட்டு, நானும் மகிழ்ந்தேன். தையில் எச்பிஏ1சி 6.3. அது ஏறத்தாழ மூன்று மாதச் சீனியின் கணக்கு. முதல்நாள் பட்டினி கிடந்தெல்லாம் ஏய்க்க முடியாது.

2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்விலும் ஆளுக்கு ஆள் பயிற்றுநர் இருந்தார். உணவையும் பயிற்சியையும் அவரவர் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றினார்கள். ஆனால் எடையில் 7 சதவீதக் குறைப்பு, வாரம் 150 நிமிட உடலுழைப்பு என்ற இலக்குகள் எல்லோருக்கும் ஒன்றே. பயிற்றுநர் இருந்த பிரிவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபோர்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம். என் செயலி இதைத் தலைகீழாகச் செய்தது: வழியை அப்படியே விட்டு இலக்கை வளைத்தது.

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரு பயிற்றுநரே. விடிய ஐந்தரைக்குப் படலையைத் தட்டுவார். மழை என்றால், "குடையை எடும் தம்பி, பண்ணைக் கடற்கரை வரை வேண்டாம், கோயிலடி வரை போவோம்." தூரம் குறையும், போகாமல் விடுவது மட்டும் கிடையாது. தூக்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார், அது குறைதான்.

இப்போது செயலியில் இலக்கு தானாக மாறும் வசதியை நிறுத்தி, தூக்கத்துக்கும் நடைக்கும் மட்டும் வைத்திருக்கிறேன். உணவுப் பதிவை விட்டாயிற்று, சந்தாவையும். என் மருமகனுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர் இரவுப் பணிக்காரர்; கிளினிக் திறக்கும் நேரம் அவருக்கு நடுச்சாமம், ஆசிரியர் படலை தட்டும்போது அவர் இன்னும் வீடு வந்திருக்கமாட்டார். அவருக்குச் செயலியே சரி.