பத்துக் கேள்வியா, நாலு கேள்வியா?

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து எட்டு மாதம் கழித்து, தக்கலையில் ஒரு கல்யாண வீட்டுக்கு என் மைனி வந்தார். முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தவர், பந்தியில் உட்காராமலே கிளம்பிவிட்டார். முந்தின வாரம் மருத்துவமனையில் நிரப்பிய படிவத்திலோ, தோற்றம் பற்றி ஒரு குறையும் இல்லை என்று பதிவாகியிருந்தது.

அது பிஆர்-23. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களின் உடல், மன நிலையைக் கேட்டறிய ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான இஓஆர்டிசி தந்த படிவம், 1996-இல் வந்தது. 23 கேள்விகளில் தோற்றத்துக்கு நாலுதான்: அழகு குறைந்ததா, பெண்மை குறைந்ததா, உடுப்பில்லாமல் தன்னைப் பார்க்கக் கஷ்டமா, உடம்பில் அதிருப்தியா. கை வீக்கம், முடி கொட்டுவது எல்லாம் சேர்த்துக் கேட்பதால் மருத்துவருக்கு ஒரே தாளில் வேலை முடியும். அது பெரிய வசதிதான்.

இன்னொரு படிவம், 2001-இல் ஹாப்வுட் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட பாடி இமேஜ் ஸ்கேல். எந்தப் புற்றுநோயாளியிடமும் தோற்றம் பற்றி மட்டுமே கேட்பது, பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 30. மேலே சொன்ன நாலும் இதில் உண்டு. கூடவே உடை உடுத்தியபின் தோற்றம், தழும்பு, உடம்பு முழுமையாக இல்லை என்ற நினைப்பு, ஆட்களைத் தவிர்ப்பது. நம்ம ஊர்ப் பெண்களுக்கு வலிப்பது பெரும்பாலும் இங்கேதான். கண்ணாடி முன் நிற்பதைவிட கோயில் கொடைக்கும் ஞாயிறு ஆராதனைக்கும் போவது கடினம். வாய்ப் புற்றுநோய் வந்த ஆண்களிடமும் இதைக் கேட்கலாம், பிஆர்-23 அவர்களுக்கில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் சாப்பிடக் கூசுவதை இதுவும் தனியாகக் கேட்பதில்லை.

மதிப்பெண்ணில் ஒரு கவனம்: ஸ்கேலில் எண் கூடினால் வேதனை அதிகம். பிஆர்-23-இன் தோற்றக் கேள்விகளில் 0 முதல் 100 வரை, கூடினால் நல்லது. இரண்டையும் குழப்பினால் தவிப்பவரை நலம் என்று அனுப்பிவிடுவோம்.

என் ஓட்டு பத்துக் கேள்விக்கு. ஆனால் எதுவானாலும் தாளை நோயாளி கையிலேயே கொடுக்க வேண்டும். மைனியிடம் ஒரு இளைஞர் சத்தமாக வாசித்துக் கேட்டிருக்கிறார், பக்கத்தில் மாமியார். "ஒண்ணுமில்ல" என்பதைத் தவிர என்ன சொல்வார்?

அப்புறம் நானே பத்தையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஆட்களைத் தவிர்த்தீர்களா என்ற இடத்தில் பேனாவை வைத்தபடி வெகுநேரம் இருந்தார். 'மிக அதிகம்' என்பதில் டிக் அடித்துவிட்டுச் சொன்னார்: "இத யாரும் கேக்கலியே மக்கா."