சியோல் டிஎம்இசட் டூர்: தாராளமா போங்க, ஆனா 1945ஐ படிச்சிட்டு போங்க

போன அக்டோபர்ல கொரியா போனப்ப நானும் வீட்டுக்காரரும் சியோல்ல இருந்து டிஎம்இசட் (ரெண்டு கொரியாவுக்கும் நடுவுல இருக்க, ராணுவம் இல்லாத பகுதி) பார்டருக்கு அரைநாள் டூர் எடுத்தோம். பஸ் கரெக்ட் டைம், கைடு பொண்ணு அவ்ளோ பொறுமை. பாஸ்போர்ட் மறக்காதீங்க, செக்போஸ்ட்ல ராணுவக்காரங்க ஏறி ஒவ்வொருத்தரோடதா பாக்குறாங்க. திங்கக்கிழமை டூர் கிடையாது.

மூணாவது சுரங்கம், 1978ல கண்டுபிடிச்சது, தரைக்கு 73 மீட்டர் கீழ. வட கொரியா தெற்க படைய அனுப்ப பார்டருக்கு அடியில தோண்டிட்டு, மாட்டினா நிலக்கரி சுரங்கம்னு சொல்லிக்கலாம்னு சுவர்ல கரிய பூசி வச்சிருக்காங்க, பாறையோ கிரானைட். மூட்டுவலி இருக்கவங்க இறங்காதீங்க, திரும்பி ஏறுறது ரொம்ப கஷ்டம்.

எனக்கு மனசுல நின்னது டோரா மலைதான். பைனாகுலர்ல பாத்தா 160 மீட்டர் கம்பத்துல வட கொரியா கொடி, அதுக்கு பின்னாடி கேசோங் ஊரு. போருக்கு முன்னாடி ரெண்டு கொரியாவுக்கும் எல்லையா இருந்தது 38வது அட்சரேகை, அந்த ஊரு அதுக்கு தெற்க இருக்கு, அதாவது 1950 வரைக்கும் அது தென் கொரியா! சண்டை முடிஞ்சப்ப படைங்க எங்க நின்னுச்சோ அதுவே கோடாயிடுச்சு, கேசோங் அந்தப் பக்கம் போயிடுச்சு.

குறைன்னா ஒண்ணே ஒண்ணு, ஆனா பெரிய குறை. டூர்ல பிரிவினைக் கதைய 1950 ஜூன் 25ல ஆரம்பிக்கிறாங்க, வடக்கு படை இறங்குச்சு, போர் வந்துச்சுன்னு. அதுக்கு முன்னாடி? 1910ல இருந்து ஜப்பான்கிட்ட அடிமையா கிடந்த நாடு, 1945 ஆகஸ்ட்ல ஜப்பான் விழப்போற நேரம் சோவியத் படை வடக்க நுழைஞ்சிடுச்சு, உடனே வாஷிங்டன்ல டீன் ரஸ்க், போன்ஸ்டீல்னு ரெண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிங்க ராத்திரில ஒரு மேப்ப வச்சு சியோல் தங்க பக்கம் வர்ற மாதிரி அந்த 38வது அட்சரேகைய பிரிக்கிற கோடா காட்டிட்டாங்க, வடக்கு சோவியத்துக்கு, தெற்கு அமெரிக்காவுக்கு, அரை மணி நேர வேலை, ஒரு கொரியன்கிட்டயும் கேக்கல. அப்புறம் ஆளுக்கொரு வழி. வடக்க கம்யூனிஸ்ட் தலைவர் கிம் இல் சுங், 1946லயே பண்ணையார் நிலத்த புடுங்கி விவசாயிக்கு பிரிச்சு குடுத்தாச்சு, நிலத்த இழந்தவங்களும் கிறிஸ்தவங்களும் தெற்க ஓடி வந்தாங்க, அந்தக் கோபம் தெற்கோட அரசியல்ல அப்படியே ஏறிடுச்சு. தெற்க அமெரிக்காவுல பல வருஷம் இருந்துட்டு வந்த சிங்மன் ரீ, ஜப்பான்காரன்கிட்ட வேலை பாத்த அதே போலீஸ். 1948ல ஒரு மாச இடைவெளில ரெண்டு அரசாங்கம், ரெண்டுமே முழு கொரியாவும் எங்களுதுன்னுச்சு. இவ்ளோ பகை ஊறினப்புறம்தான் போரே வந்துச்சு! 1953 போர்நிறுத்தத்துல கூட தென் கொரிய அதிபரான ரீ கையெழுத்து போடல, சமாதான ஒப்பந்தம் இன்னிக்கும் இல்ல.

அந்தப் போர்ல நம்ம ராணுவத்தோட 60வது பாராசூட் மருத்துவப் பிரிவு லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் தலைமைல போய் காயம்பட்டவங்கள காப்பாத்துச்சு, மகாவீர் சக்ரா வாங்கினவர். அதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கடைசி ஸ்டாப் எல்லைக்கு பக்கத்துல இருக்க இம்ஜின்காக் பூங்கா. வடக்க சொந்தங்கள விட்டுட்டு வந்தவங்க பண்டிகைக்கு ஊர்ப் பக்கம் பாத்து கும்பிட ஒரு வழிபாட்டு மேடை இருக்கு. அங்க நின்னுட்டு கேசோங் பத்தி கைடுகிட்ட கேட்டேன். அவங்க பாட்டி ஊரே அதுதானாம், நாலு நாள்ல திரும்பிடலாம்னு துணி கூட எடுக்காம வந்தாங்களாம். இத மைக்ல எல்லாருக்கும் சொல்லும்மான்னேன். திரும்பி வரும்போது பஸ்ல சொன்னாங்க, சியோல் வர்ற வரைக்கும் பஸ்ல சத்தமே இல்ல.

5க்கு 4.