வெளிநாட்டு வேலைக்குக் கட்டணத் திறன் தேர்வு: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களில் சபர், அதாவது வெளிநாட்டு வேலைக்கு, போகக் காத்திருக்கும் பிள்ளைகளின் கைப்பேசிகளில் ஒரு வாட்ஸ்அப் அறிவிப்பு சில மாதங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வளைகுடா நாட்டு எண்ணெய் நிறுவனம் ஒன்றுக்கு வெல்டர்களும் ஃபிட்டர்களும் தேவை என்றும், இராமநாதபுரத்தில் நடக்கும் திறன் தேர்வில் தேறியவர்களுக்கு விசா உறுதி என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். என் அக்கா மகன் அந்தத் தேர்வுக்கு 6,500 ரூபாய் கட்டினான். தேறிவிட்டாய் என்று அன்றிரவே செய்தி வந்தது. சான்றிதழைப் பதிவு செய்யவும் மெடிக்கலுக்கும் என்று மேலும் 18,000 ரூபாயையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு அந்த எண்கள் எதுவும் எடுக்கப்படவில்லை.

தேர்வுக்குப் பணம் கேட்டாலே மோசடி என்று சொல்லிவிட முடியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். சவுதி அரேபியா தன் நாட்டுக்கு வரும் தொழிலாளர்களின் திறனைச் சரிபார்க்கும் திட்டத்தை இந்தியாவில் 2022 டிசம்பரில் தொடங்கியது. பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர், ஏசி மெக்கானிக் போன்ற தொழில்களில் ஆரம்பித்து, பிறகு மற்றவற்றுக்கும் அது விரிந்தது. கணினியில் ஒரு தேர்வும் கையால் செய்து காட்டும் ஒரு தேர்வும் உண்டு, கட்டணமும் உண்டு. ஆனால் அங்கே விண்ணப்பிப்பவரே சவுதி அமைப்பான தகாமோலின் இணையதளத்தில் தன் பெயரில் பதிந்து, மையத்தையும் தேதியையும் தேர்ந்தெடுத்து, பணத்தை அந்தத் தளத்திலேயே கட்டுகிறார். எங்கள் பிள்ளை கட்டிய பணமோ யுபிஐ வழியாக ஒரு தனி மனிதரின் கணக்குக்குப் போயிருக்கிறது. “சவுதிக்கே இப்போது தேர்வு வைத்துத்தானே எடுக்கிறார்கள்” என்று சொல்லித்தான் அவர்கள் எல்லோரையும் நம்ப வைத்திருக்கிறார்கள். உண்மையான ஒன்றின் நிழலில் நின்றுகொண்டு செய்யும் ஏமாற்று என்பதால்தான் படித்த பிள்ளைகளும் இதில் விழுகிறார்கள்.

நான் குவைத்தில் பைப் வெல்டராக வேலை பார்த்துத் திரும்பியவன் என்பதால், அந்தத் தேர்வில் என்ன செய்யச் சொன்னார்கள் என்று அவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். வாடகைக்கு எடுத்த ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், தரையில் கிடந்த ஒரு தட்டையான இரும்புத் தகட்டில், 6013 ராடு (வெல்டிங் குச்சி) ஒன்றைக் கொடுத்து நேராக ஒரு கோடு ஓட்டச் சொன்னார்களாம். பிறகு அவன் சொன்ன ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது: “மாமா, ஸ்லாக்கைத் தட்டாமலேயே மார்க் போட்டாங்க.” வெல்டிங் பற்ற வைத்தவர்களுக்கு இது புரியும். வைத்த கோட்டின் மேல் கருப்பாகப் படிந்திருக்கும் ஸ்லாக்கைச் சுத்தியால் தட்டி, பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகுதான் அடியில் பொத்தல் இருக்கிறதா, ஓரம் அரித்திருக்கிறதா என்று தெரியும். அதைத் தட்டாமல் மதிப்பெண் போடுகிறவருக்கு அந்த வேலையைப் பற்றி எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை.

எண்ணெய் நிறுவனத்துப் பைப் வேலைக்கு வைக்கும் தேர்வு இப்படி இருக்காது. பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்தி, 6ஜி என்று நாம் சொல்லும் நிலையில், பெரும்பாலும் ரூட் என்னும் அடி வரிசையை ஆர்கான் வாயு வெல்டிங்கில் போட்டு, நடுவை நிரப்பும் ஃபில்லிங்கையும் மேலே மூடும் கேப்பிங்கையும் 7018 ராடில் முடிக்கச் சொல்வார்கள். முடித்த துண்டைக் கண்ணால் பார்ப்பதோடு விடாமல் எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். ஆகவே முடிவு வரச் சற்று நேரம் பிடிக்கும். தேர்வுக்கு வந்த அத்தனை பேரும் அன்றிரவே தேறிவிட்டார்கள் என்றால், அங்கே சோதிக்கப்பட்டது யாருடைய வேலைத் திறனும் அல்ல, யாரால் அடுத்த தவணையைக் கட்ட முடியும் என்பது மட்டுமே. கொத்தனார், ஓட்டுநர், சமையல்காரர் என்று எந்தத் தொழிலுக்கு அழைத்தாலும், அந்தத் தொழிலில் பழுத்த ஒருவரிடம் தேர்வு நடந்த விதத்தைச் சொல்லிக் கேளுங்கள். அவர் உடனே சொல்லிவிடுவார்.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்று இல்லாத எந்த ஏஜெண்டும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. ஏஜெண்டின் பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார்த்தால், பதிவு நடப்பில் உள்ளதா, முடிந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். பதிவில்லாத ஏஜெண்டுகளின் பட்டியலும் அங்கேயே கிடைக்கிறது. பதிவு பெற்றவரும் தொழிலாளியிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம், அதற்கு ரசீதும் தர வேண்டும். தேர்வு, பதிவு, மெடிக்கல் என்று துண்டு துண்டாகக் கேட்பது இந்த வரம்பு கண்ணில் படாமல் இருக்கத்தான் என்று நான் நினைக்கிறேன். எங்கள் பிள்ளைக்கு எந்த இடத்திலும் ஒரு பதிவு எண் காட்டப்படவில்லை. தகவலைக் கொண்டுவந்தவர் தெரிந்த முகம், ஊர்க்காரர். அந்த ஒன்றே எல்லாவற்றுக்கும் சான்றாகிவிட்டது. ஊர்க்காரர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவருக்குப் பின்னால் இருப்பவர் யாரென்று அவருக்கே தெரியாதபோது அவருடைய சொல்லுக்கு என்ன மதிப்பு?

பாஸ்போர்ட் மட்டும், காவல் நிலையத்தில் புகார் கொடுத்த பிறகு, அந்த இடைத்தரகர் வழியாகத் திரும்பி வந்தது. பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் உடைமை. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்கும் உரிமை எந்த ஏஜெண்டுக்கும் கிடையாது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

அதே மண்டபத்தில் தேர்வு எழுதிய வேறு சிலரையும் தேடிப் பிடித்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறோம். இணைய வழியில் பணம் போனவர்கள் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகார் எண் 1930க்கு அழையுங்கள். நேரம் போகப் போகப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும். ஏஜெண்ட் பற்றிய சந்தேகத்துக்கு வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லா எண் 1800113090 இருக்கிறது. அந்த மண்டபத் தேர்வுக்குப் பணம் கட்டியவர்கள் ரசீது இல்லையே என்று தயங்க வேண்டாம். யுபிஐ பரிமாற்ற எண்ணும், வந்த வாட்ஸ்அப் செய்திகளும், அழித்துவிடாமல் வைத்திருந்தால் போதும். அவற்றை எடுத்துக்கொண்டு எங்கள் மனுவில் சேர்ந்துகொள்ளுங்கள்.