நிக்கல் ஃபோம்: மலிவு, தாராளமாக வாங்கலாம், ஆனால் சோதனையில் ஏமாற்றும்

நிக்கல் ஃபோம் என்பது பஞ்சுபோலத் துளைகள் நிறைந்த நிக்கல் தகடு. இரிடியம் என்ற விலையுயர்ந்த உலோகம் இல்லாமல் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்க, ஆக்சிஜன் வரும் முனைக்கு இதைவிடக் கட்டுபடியாகும் தகடு கிடைப்பது கஷ்டம். 1.6 மி.மீ. கனம், அங்குலத்துக்கு 110 துளை, சதுர மீட்டருக்கு 350 கிராம் என்ற ரகம் போதும். வந்தவுடன் 10×10 செ.மீ. துண்டு வெட்டி எடை போடுங்கள், 3.5 கிராம் அளவில் நிற்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

இது காரக் கரைசலுக்கு மட்டும்தான். அமிலத்தில் ஆக்சிஜன் முனையாக வைத்தால் நிக்கல் கரைந்துபோகும்.

மேலே படிந்த ஆக்சைடை நீக்க 3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும்: 75 மி.லி. தண்ணீரில் 37% அமிலம் 25 மி.லி. ஊற்றுங்கள், தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதீர்கள். அல்ட்ராசோனிக் தொட்டியில் 10 நிமிடம், பிறகு தண்ணீர், எத்தனால். அதிக நேரம் விட்டால் இழைகள் மெலிந்து உதிரும்.

ஆக்சிஜன் வருவதை எளிதாக்கும் வினையூக்கிப் பூச்சுக்கு 100 மி.லி. தண்ணீரில் நிக்கல் நைட்ரேட் 0.087 கிராம், இரும்பு நைட்ரேட் 0.121 கிராம் (இரண்டும் நீரேறிய உப்புகள்). இந்தக் கரைசலில் ஃபோமை வைத்து, சில்வர் குளோரைடு மின்முனையை ஒப்பிட்டு −1.0 வோல்ட், 300 விநாடி கொடுங்கள். நைட்ரேட் ஒடுங்கும்போது முனையருகே காரம் உண்டாகி, இரண்டு ஹைட்ராக்சைடுகளும் சேர்ந்தே படிகின்றன.

இனிதான் சிக்கல். பூச்சே இல்லாத வெறும் ஃபோமும் காரத்தில் ஆக்சிஜன் தரும். போதாக்குறைக்கு, கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் உள்ள துளி இரும்பை நிக்கல் உறிஞ்சித் தானாகவே மேம்படும். ஓரிகன் பல்கலைக்கழகக் குழு 2014-இல் இதைத் தெளிவாக நிறுவியது. அதனால் வெறும் ஃபோமையும் அதே கரைசலில், அதே நேரம் ஓட்டிப் பார்க்காமல் எந்த வினையூக்கியையும் புகழக்கூடாது. சதுர செ.மீ.க்கு 10 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தில் எடுக்கும் அளவீட்டையும் நம்பவேண்டாம். நிக்கல் தானே ஆக்சிஜனேற்றம் அடையும் மின்னோட்டம் அந்த இடத்தில்தான் கலக்கிறது. 100 மில்லிஆம்பியரில் அளந்தால் உண்மை தெரியும்.

இன்னொன்று: ஃபோம் கரைசலைத் திரிபோல மேலே இழுக்கும். அரை மணி நேரத்தில் முதலைக் கிளிப் வரை ஈரம் ஏறினால் கிளிப்பின் செம்பு கரைந்து சோதனையைக் கெடுத்துவிடும். முனையின் பரப்பளவும் தப்பாகும். 1 செ.மீ. சதுரம் விட்டு, அதற்கு மேலே எபாக்ஸி பூசிக் காயவைத்தால் இரண்டும் தீரும்.

எதிர்முனைக்குப் பிளாட்டினம் கம்பி வேண்டாம், இன்னொரு ஃபோம் துண்டே போதும். கரைசலைக் கண்ணாடிப் புட்டியில் வைக்காதீர்கள். காரம் கண்ணாடியை அரித்து சிலிக்காவை இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் புட்டிதான் சரி.