படத்தின் விகிதமும் பிரேமின் அளவும்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஏறத்தாழப் பத்து ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கும் யாழ்ப்பாணத்திலுள்ள உறவினர் வீடுகளுக்கும் வேண்டிய படங்களை அச்சிடுவித்துப் பிரேம் போடுவிக்கும் வேலை என் பொறுப்பிலேயே இருந்து வருகிறது. கல்யாணக் குடும்பப் படம், சாமத்தியவீட்டுப் படம், பட்டமளிப்புப் படம், மறைந்தவர்களின் நினைவுப்படம் என்று பலவற்றைப் பல அளவுகளில் செய்வித்து, அவை சுவரில் பல மாரிகளைக் கடந்த பின்னர் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் பார்த்தாயிற்று. இதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. பிரேமுக்காகப் படத்தை வெட்டுவதை விட, படத்தை அதன் சொந்த விகிதத்திலேயே அச்சிட்டு, சுற்றிவர மவுண்ட் அட்டை (நடுவில் யன்னல் வெட்டிய தடித்த அட்டை) வைத்து, அதைவிடப் பெரிய பிரேமில் போடுவதே நல்லது. அப்படிப் போடும்போது பிரேமின் விகிதமும் படத்தின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், கமரா, கடதாசி, பிரேம் ஆகிய மூன்றும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தேவைகளுக்காகப் பிறந்த அளவுகளைச் சுமந்து நிற்பதில்தான். 1925 இல் லைக்கா கமரா விற்பனைக்கு வந்ததிலிருந்து 36க்கு 24 மில்லிமீற்றர் சட்டகம் நிலைபெற்றது. இன்றும் ஸ்ரூடியோக்காரர் கையிலுள்ள பெரும்பாலான கமராக்கள் அந்த 3:2 விகிதத்திலேயே படம் எடுக்கின்றன. கைபேசி பொதுவாக 4:3 இல் எடுக்கிறது. 8க்கு 10 அங்குலம் என்பது பெரிய தகட்டுக் கமராக்களின் காலத்து அளவு. அதன் விகிதம் 5:4. ஏ4 தாளோ 1922 இல் ஜேர்மனியில் தரப்படுத்தப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நீளம் அகலத்தைப் போல ஏறத்தாழ 1.414 மடங்கு. இவை ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயமே இல்லை.

ஸ்ரூடியோவில் எடுத்த 3:2 படத்தை 8க்கு 12, 12க்கு 18, 20க்கு 30 ஆகிய அளவுகளில் அச்சிட்டால் விகிதம் மாறாது. அதே படத்தை 8க்கு 10 ஆக்கினால் 12 அங்குலத்தில் 2 அங்குலம், அதாவது ஆறில் ஒரு பங்கு, போய்விடும். மணவறைக்கு முன்னால் எடுக்கும் குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்பவர் பெரும்பாலும் மாமாவோ சித்தப்பாவோதான். பக்கத்துக்கு ஓர் அங்குலம் என்று வெட்டும்போது அவருடைய தோளும் சில வேளை பாதி முகமும் போய்விடும். அதனால் வரும் மனத்தாங்கல் படத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆகவே குடும்பப் படங்களை 8க்கு 10 இல் அச்சிடுவதை நான் அறவே விட்டுவிட்டேன்.

ஆயினும் 8க்கு 10 பயனற்ற அளவு என்று சொல்ல மாட்டேன். நினைவுப்படத்துக்கு அதைப்போலப் பொருத்தமான அளவு வேறில்லை. எங்கள் பகுதியில் ஒருவர் காலமானால், மரணவீட்டில் வைப்பதற்கும் 31ஆம் நாள் வெளியிடும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் அச்சிடுவதற்கும் கையில் அகப்படும் படம் பெரும்பாலும் அடையாள அட்டைக்கோ கடவுச்சீட்டுக்கோ எடுத்த 35க்கு 45 மில்லிமீற்றர் படமாகவே இருக்கும். அதை 8க்கு 10 ஆகப் பெருப்பித்தால் உயரத்தில் மூன்று வீதம் அளவே குறையும். தலைக்கு மேலுள்ள வெற்றிடத்தில் அது போனது தெரியாது. கடையில் தயாராக இருக்கிறது என்பதற்காக 8க்கு 12 பிரேமை எடுத்துக்கொண்டு, அதை நிரப்பச் சொன்னால், அகலத்தில் ஏழில் ஒரு பங்கு வெட்டுப்படும். முகம் சட்டத்துக்குள் நெருக்குண்டு, இரண்டு தோள்களும் அறுபட்டு நிற்கும். இன்னும் மோசமானது, வெட்ட மனமில்லாமல் கணினியில் படத்தை மேலும் கீழும் இழுத்து நிரப்புவது. அப்படி இழுத்த முகத்தை வீட்டார் பார்த்த மாத்திரத்திலேயே கண்டுகொள்வார்கள்; எது பிழை என்று சொல்லத் தெரியாமல், "அப்பா மாதிரி இல்லை" என்று மட்டும் சொல்வார்கள். இத்தகைய சிறிய படத்தை ஸ்கான் செய்யும்போது அங்குலத்துக்கு 1200 புள்ளிகளாவது வைக்கச் சொல்ல வேண்டும். அப்போதுதான் 8க்கு 10 இல் அங்குலத்துக்கு 200 புள்ளிகள் அளவில் மிஞ்சும். 300 இல் ஸ்கான் செய்தால் 50 சொச்சமே மிஞ்சும், கண்கள் கலங்கித் தெரியும்.

கைபேசிப் படத்துக்கு 6க்கு 8, 9க்கு 12, 12க்கு 16 ஆகிய அளவுகள் இயல்பாகப் பொருந்தும். அதை வழமையான 4க்கு 6 இல் நிரப்பினால் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும்; நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தில் அது பக்கங்களில் போகும், கிடையாக எடுத்த படத்தில் தலையிலும் காலிலும் போகும். 12 மெகாபிக்சல் படம் 12க்கு 16 வரை தாராளமாகத் தாங்கும் என்பதால், கைபேசிப் படம் சுவருக்கு ஆகாது என்ற பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதை வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். கோப்பாக இணைத்து அனுப்ப வேண்டும்.

அச்சிடும் இடத்தில் சொல்லித் தெளிவுபடுத்த வேண்டிய விடயம் ஒன்று உண்டு. ஒன்றும் சொல்லாவிட்டால் இயந்திரம் கடதாசியை நிரப்பும் விதமாகவே படத்தை எடுத்துக்கொள்ளும். ஓரமின்றி அச்சிடும்போது விகிதம் சரியாக இருந்தாலும் விளிம்பில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் போகும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். "முழுப் படமும் வர வேண்டும், மிச்ச இடம் வெள்ளையாக இருக்கட்டும்" என்று சொல்வதே எனக்குப் பழகிய வழி.

அடுத்தது பிரேமின் அளவு. பல ஆண்டுகளாக எனக்குப் பிரேம் அடித்துத் தரும் முதியவர் முதல் நாளே சொன்னார்: "தம்பி, எட்டுக்குப் பன்னிரண்டு எண்டால் அது கண்ணாடியின்ர அளவு. தெரியிற அளவு அதைவிடக் குறையத்தான் இருக்கும்." பிரேமின் பின்பக்கத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளமான காடியின் உதடு ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழக் கால் அங்குலத்தை மறைக்கும். குடும்பப் படத்தில் நெருக்கமாக நின்றவர்களின் செருப்பும், கீழ் ஓரத்தில் ஸ்ரூடியோ பதித்த திகதியும் அந்தக் கால் அங்குலத்துக்குள்தான் மறையும். அடிமட்டத்தை முன்பக்கத்தில் வைத்து அளந்தால் ஓர் அளவும், பின்பக்கத்தில் காடிக்குள் வைத்து அளந்தால் வேறோர் அளவும் வரும். கடதாசிக்கு வேண்டியது பின்பக்க அளவு, கண்ணுக்கு வேண்டியது முன்பக்க அளவு.

மவுண்ட் அட்டை இந்த இரண்டு தொல்லைகளையும் தீர்க்கிறது. படத்தைச் சுற்றி யன்னல் போல வெட்டிய தடித்த அட்டை வைக்கும்போது, உதடு மறைப்பது அட்டையைத்தான், படத்தையல்ல. அளவு தெரிவதற்கு ஒரு கழித்தல் போதும்: பிரேமின் அகலத்திலிருந்து படத்தின் அகலத்தையும், பிரேமின் நீளத்திலிருந்து படத்தின் நீளத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும். இரண்டு விடைகளும் ஒன்றாக வந்தால் நான்கு பக்கமும் ஓரம் சமமாக இருக்கும். 8க்கு 12 படம் 12க்கு 16 பிரேமில் சுற்றிவர இரண்டு அங்குல ஓரத்தோடு அமரும். 4க்கு 6 படம் 8க்கு 10 பிரேமிலும் அவ்வாறே. 12க்கு 18 படத்துக்கு 18க்கு 24 பிரேம் எடுத்தால் மூன்று அங்குல ஓரம் கிடைக்கும். இவற்றில் எதிலும் படமும் பிரேமும் ஒரே விகிதத்தில் இல்லை. அப்படியிருந்தும் கண்ணுக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. மாறாக, ஒரே விகிதமுடைய 8க்கு 12 படத்தை 12க்கு 18 பிரேமில் வைத்தால் அகலவாட்டில் பக்கத்துக்கு இரண்டும் நீளவாட்டில் பக்கத்துக்கு மூன்றுமாக ஓரம் வருவதால் பார்வைக்கு ஒரு கோணல் தோன்றும். விகிதத்தைக் கட்டிப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். அட்டையின் யன்னலை ஒவ்வொரு பக்கமும் எட்டில் ஓர் அங்குலம் சிறிதாக வெட்டுவித்தால் கடதாசியின் வெள்ளை விளிம்பு எட்டிப் பார்க்காது. கீழ் ஓரத்தைச் சற்றே அகலமாக விடுவது என் விருப்பம். பிரேம் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் "பிழையாய் வெட்டினதெண்டு சனம் சொல்லும்" என்று மறுத்துப் பார்ப்பார்.

மவுண்ட் அட்டைக்காக நான் இவ்வளவு வாதாடுவதற்கு அழகு மட்டும் காரணமல்ல. எங்கள் மாரியில் சுவர் ஈரத்தை இழுக்கும். கண்ணாடியோடு ஒட்டி வைத்த படத்தில் அந்த ஈரம் கடதாசியின் மேற்பூச்சை இளக்கிக் கண்ணாடியிலேயே பிடிக்கச் செய்துவிடும். பிறகு பிரிக்க முற்பட்டால் முகம் கண்ணாடியோடு உரிந்து வரும். விறாந்தைச் சுவரில் இருந்த இரண்டு படங்களை நாங்கள் அப்படித்தான் இழந்தோம், அதே சுவரில் மவுண்டோடு இருந்தவை இன்றும் தெளிவாக உள்ளன. படத்தை அட்டையில் முழுவதும் பசை பூசி ஒட்டாமல், மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் நாடாவால் பிடிப்பித்தால், ஈரத்தில் கடதாசி விரிந்தாலும் அலை அலையாக மடியாது. மலிவான அட்டையின் சரிவாக வெட்டிய விளிம்பு சில ஆண்டுகளில் பழுப்பேறிவிடும். அமிலமற்ற அட்டைக்குக் கூடுதலாகச் செலவழிப்பது நினைவுப்படத்துக்கு நிச்சயம் தகும், மற்றவற்றுக்கு அவரவர் வசதி. பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்புறம் சிறு இறப்பர்த் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பலகைக்கும் இடையில் காற்றோட்டம் இருக்கும். கறையானும் பூஞ்சணமும் அவ்வளவு விரைவாகப் பிடிக்காது.

ஏ4 பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வீட்டு இயந்திரத்தில் ஏ4 தாளில் அச்சிட்டு 8க்கு 12 பிரேமில் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தாள் 210க்கு 297 மில்லிமீற்றர், பிரேம் 203க்கு 305. அகலத்தில் 7 மில்லிமீற்றர் உள்ளே போகாது, நீளத்தில் 8 மில்லிமீற்றர் வெறுமையாக நிற்கும். ஏ4 பிரேம் சான்றிதழுக்கு உரியது, அங்கேயே இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பிரேம்கள் வேறு கணக்கு. ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் பக்கத்திலிருந்து வருபவை சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். 20க்கு 30 சென்ரிமீற்றர் என்பதை 8க்கு 12 அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் படம் அகலத்தில் 3 மில்லிமீற்றரும் நீளத்தில் 5 மில்லிமீற்றரும் மிஞ்சி நிற்கும். 30க்கு 40 பிரேமில் 12க்கு 16 படம் இன்னும் சற்றுக் கூடுதலாக மிஞ்சும். பலவந்தமாகச் செருகினால் கடதாசி நடுவில் வளைந்து வெளிச்சத்தில் மேடு தெரியும். 13க்கு 18 பிரேம் மட்டும் 5க்கு 7 படத்தை இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளியோடு ஏற்றுக்கொள்ளும், அதை உதடு மறைத்துவிடும். தரத்தில் அவை நல்ல பிரேம்கள். கூடவே வெட்டிய மவுண்ட் அட்டையும் பெரும்பாலும் உள்ளே இருக்கும். எனவே வருபவரிடம் வெளி அளவை மட்டும் கேட்காமல், அட்டையின் யன்னல் அளவை மில்லிமீற்றரில் அளந்து சொல்லும்படி கேட்டு, அதைவிட ஒவ்வொரு பக்கமும் மூன்று மில்லிமீற்றர் பெரிதாகப் படத்தை அச்சிட்டு வைத்துக்கொள்கிறேன்.

பல யன்னல்கள் உள்ள கூட்டுப் பிரேம்களை மட்டும் நான் இப்போது வாங்குவதில்லை. அவற்றில் நிமிர்ந்தவை இத்தனை, கிடந்தவை இத்தனை, சதுரம் இத்தனை என்று முன்னரே தீர்மானித்துவிடுகிறார்கள்; வீட்டிலுள்ள படங்கள் அந்த எண்ணிக்கைப்படி ஒருபோதும் அமைவதில்லை.