ஜேசிபி பிரேக்குக்கு கார் பிரேக் ஆயில் ஊத்திட்டு போயிட்டாரு, உஷாரா இருங்க

வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கம் ஜேசிபி வச்சிருக்கறவங்க இத முழுசா படிச்சிடுங்க. ரெண்டு மாசமா நான் பட்டத வேற யாரும் படக்கூடாதுன்னுதான் எழுதறேன்.

நமக்கு குடியாத்தம் பக்கம். ஒரே ஒரு மெஷின், லோன்ல எடுத்தது, டியூ இன்னும் ஓடிக்கினு இருக்கு. ஒருநாள் காலைல ஆபரேட்டர் தம்பி போன் பண்ணான், "அண்ணா, பிரேக் பெடல மிதிச்சா மெதுவா கீழ போயிக்கினே கீதுண்ணா, ரெண்டுவாட்டி அடிச்சாதான் புடிக்குது"ன்னு. போய் பிரேக் ஆயில் டப்பாவ தெறந்து பாத்தா ஆயில் பாதிக்கு கீழ. வீல் பக்கம், பைப்பு ஜாயிண்டு, மாஸ்டர் சிலிண்டர் (பெடல மிதிச்சா பிரேக் ஆயில பைப்புக்குள்ள தள்ளற சாமான்) அடியிலன்னு சுத்தி சுத்தி பாத்தோம், வெளிய ஒரு சொட்டு ஒழுகல. அப்ப இந்த ஆயில் எங்கதான் போச்சுன்னு அன்னிக்கே நான் விடாம கேட்டிருக்கணும்.

ஹைவே ஓரமா ஷெட்டு போட்டிருக்கற ஒரு மெக்கானிக்க ஒருத்தர் சொல்லி கூப்ட்டோம். வந்தவரு மெஷினுக்கு அடியில குனிஞ்சி கூட பாக்கல, பெடல ரெண்டு மிதி மிதிச்சாரு, "மாஸ்டர் சிலிண்டர் போச்சுப்பா, இருக்கற ரெண்டு சிலிண்டரையும் மாத்தணும்"னு முடிச்சிட்டாரு. 14,000 ரூபா. புது சாமானோட பெட்டிய காட்டல, கழட்டின பழசையும் குடுக்கல, கேட்டா "அது ஸ்க்ராப்பு, உனுக்கு எதுக்கு"ன்னு பைல போட்டுக்கினு போயிட்டாரு. அதவிட பெருசு என்னன்னா, பைக் பெட்டிலேர்ந்து கார், வேனுக்கு ஊத்தற டாட் 3 பிரேக் ஆயில் பாட்டில எடுத்து அப்படியே டப்பால ஊத்தனாரு. "இது இதுக்கு ஆவுமாண்ணா?"ன்னு கேட்டேன். "பிரேக் ஆயில்னா எல்லாம் ஒண்ணுதான், இருவது வருசமா இதான் ஊத்தறேன்"னாரு. ஏரி வேலை காத்துக்கினு இருந்துச்சி, வாய மூடிக்கினேன்.

நாலு நாள் நல்லா இருந்துச்சி. அப்பறம் பிரேக்க விட்டாலும் விடாம புடிச்சிக்கினு மெஷின் இழுக்க முடியாம இழுத்துச்சி, அடுத்த வாரம் பெடல் ஒரேயடியா தரைக்கு போயிடுச்சி. எங்கன்னா, ஏரிக்கரை சரிவுல, முன் பக்கெட்டு நெறைய மண்ணோட எறங்கும்போது. கீழ ரெண்டு பொம்பளைங்க ஆடு மேய்ச்சிக்கினு இருந்தாங்க. தம்பி அந்த ஒரு செகண்டுல பக்கெட்ட தரைல எறக்கி அழுத்திட்டான், மண்ண கீறிக்கினே கொஞ்ச தூரம் போயி மெஷின் நின்னுச்சி. எனக்கு போன் பண்ணும்போது அவனுக்கு பேச்சே வரல. அத நெனச்சா இப்பவும் ராத்திரில தூக்கம் வரமாட்டேங்குது.

மறுபடி அந்த மெக்கானிக்க கூப்ட்டா, "ஹைட்ராலிக் பிரஷர் இல்ல, பம்ப் போச்சு, 55,000 ஆவும்"னாரு. அங்கதான் எனக்கு சந்தேகம் தட்டுச்சி. நம்ம மெஷின்ல பிரேக்கு தனி லைன், கால் அழுத்தற அழுத்தம் மாஸ்டர் சிலிண்டர் வழியாத்தான் போவுது, அதுக்கும் பூம்னு சொல்ற நீட்டு கையையும் பக்கெட்டையும் தூக்கற பெரிய ஹைட்ராலிக் பம்புக்கும் சம்பந்தம் இல்ல. பம்ப் போயிருந்தா பூம், பக்கெட்டு எல்லாமே மந்தமாவும், ஆயில் சூடேற சூடேற இன்னும் மந்தமாவும். நம்முது மத்தியான வெயில்ல கூட முழு வேகத்துல தூக்குச்சி.

கடைசில ராணிப்பேட்டைலேர்ந்து ஒரு மெக்கானிக் பெரியவர கூட்டியாந்தோம். அவரு மெஷின சமதரைல நிறுத்தி, பக்கெட்ட எறக்கி, டயருக்கு கட்டை குடுத்துட்டு, பின்னாடி ஆக்ஸிலோட (ரெண்டு வீலையும் சேக்கற அச்சு) லெவல் பிளக்க, அதாவது உள்ள ஆயில் அளவு பாக்கற போல்ட்ட கழட்டனாரு. ஆக்ஸில் ஆயில் அந்த ஓட்டை விளிம்பு வரைக்கும்தான் நிக்கணும். போல்ட்ட முழுசா எடுக்கறதுக்குள்ளயே கொட்டுச்சி. "உன் பிரேக் ஆயில் இங்கதான்பா கீது"ன்னாரு.

விஷயம் என்னன்னா, இந்த மெஷின்ல பிரேக் பிளேட்டு ஆக்ஸிலுக்குள்ளயே ஆயில்ல முங்கி இருக்கும். அத அழுத்தற பிஸ்டனோட சீல், அதாவது ரப்பர் வளையம், விட்டா பிரேக் ஆயில் ஆக்ஸிலுக்குள்ள எறங்கிடும், வெளிய ஒண்ணும் தெரியாது. மொதல்ல போனது ஒரு பக்கத்து சீல் மட்டுந்தான். அதுமேல கார் ஆயில் போயி மீதி எல்லாத்தையும் கெடுத்துடுச்சி. நம்ம மெஷினுக்கு மேனுவல்ல போட்டிருக்கறது மினரல் ஆயில் (பெட்ரோலிய எண்ணெய் வகை), அதுக்கேத்த ரப்பர்லதான் சீல் இருக்கும். டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைகால்ங்கற (glycol) கெமிக்கல் வகை, அது இந்த ரப்பருக்கு ஆவவே ஆவாது. பெரியவரு பழைய சீலையும் புதுசையும் என் உள்ளங்கைல பக்கத்துல பக்கத்துல வச்சாரு. புதுசு விறைப்பா, ஓரம் கூர்மையா இருந்துச்சி. பழசு ஊறவச்ச கடலை மாதிரி உப்பிப்போயி, நகத்தால அழுத்துனா பள்ளம் விழுந்துச்சி.

ரெண்டு பக்க சீலு, மாஸ்டர் சிலிண்டர் திரும்பவும், லைன் கழுவி உள்ள இருந்த காத்த எடுத்தது, ஆக்ஸில் ஆயில் முழுசும்னு 68,000 ஆச்சு, 19 நாள் மெஷின் ஷெட்டுல நின்னுச்சி. நேர்ல போயி கேட்டதுக்கு அந்த ஆளு "உன் ஆபரேட்டருக்கு ஓட்டத் தெரியல"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. தன் உசுர வச்சி மெஷின நிறுத்தன பையன இப்படி சொன்னதுதான் காசு போனதவிட எனக்கு வலிக்குது.

வெளிய ஒழுகாம பிரேக் ஆயில் கொறையுதுன்னா, மாஸ்டர் சிலிண்டர்னு எவன் சொன்னாலும் முதல்ல லெவல் பிளக்க தெறந்து பாக்கச் சொல்லுங்க. கழட்டின பழைய சாமான கைல வாங்காம காசு எண்ணாதீங்க. உங்க மெஷினுக்கு எந்த ஆயில்னு மேனுவல பாத்து நீங்களே வாங்கி வைங்க, நான் இப்ப டப்பா மூடி மேலயே செகப்பு பெயிண்டுல "கார் ஆயில் ஊத்தாதே"ன்னு எழுதிட்டேன். ஏற்கனவே யாராச்சும் கார் ஆயில் ஊத்திட்டு போயிருந்தாங்கன்னா, இன்னிக்கி பிரேக் நல்லா புடிச்சாலும் சரி, தயவுசெஞ்சி அந்த மெஷின கரை மேல ஏத்தாதீங்க.